பனியே பார்க்காதவன் பண்ணின பனி புராஜெக்ட்

ஒரு உண்மையை முதல்லயே சொல்லிடறேன். நான் பனியை நேரில் பார்த்ததே கிடையாது. எங்க வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜோட ஃப்ரீசர்ல படிஞ்சிருக்கிற வெள்ளைப் படலத்தை ஸ்பூனால சுரண்டியிருக்கேன், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான், போன செமஸ்டர் முழுக்க, எந்தப் பனிச்சறுக்கு ரிசார்ட்ல ஒரு சீசனுக்கு அதிகமா பனி பெய்யுதுன்னு கணக்கு போட்டுக்கிட்டு இருந்தேன்.

காரணம் ரொம்ப சாதாரணம். டேட்டா அனலிடிக்ஸ் மினி புராஜெக்ட். கிளாஸ்ல பாதிப் பேர் சென்னை மழையை எடுத்துட்டாங்க, மீதிப் பேர் ஷேர் மார்க்கெட்டை எடுத்துட்டாங்க. யாரும் தொடாத தலைப்பு ஒண்ணு வேணும். அன்னைக்கு ராத்திரி என் போன்ல யாரோ பனியில சறுக்கிட்டுப் போற ரீல் ஓடிச்சு. "மச்சி, இதுதான்டா தலைப்பு"ன்னேன். என் பார்ட்னர் தலையை மட்டும் ஆட்டினான். அவன் எப்பவும் அப்படித்தான். ஒத்துக்கிட்டானா, தூக்கத்துல ஆட்டுறானான்னு கண்டுபிடிக்க முடியாது.

தமிழ்ல எழுத உட்கார்ந்தா இன்னொரு சிக்கல். மார்கழிக் காலையில புல்லு மேல இருக்கிறதும் பனிதான், அமெரிக்காவுல கூரையை மூடுறதும் பனிதான். இந்தக் கட்டுரையில பனின்னு வர்ற இடமெல்லாம் வானத்துல இருந்து பஞ்சு மாதிரி விழுறதுன்னு எடுத்துக்கோங்க. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன், இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

வேலை சுலபம்னு நினைச்சோம். 12 ரிசார்ட், 10 சீசன், மொத்தம் 120 கட்டம். எண்களைத் தேடி எடுத்து எக்ஸெல்ல போடணும், பைத்தான்ல பார் சார்ட் வரையணும், கலர் மாத்தணும், முடிஞ்சுது. முதல் சார்ட்ல ஒரு ஜப்பான் ரிசார்ட் மத்த எல்லாத்தையும் விட ரெண்டு மடங்குக்கு மேல உயரமா நின்னுச்சு. அரை மணி நேரம் ஜப்பானை நினைச்சு ஆச்சரியப்பட்டோம். அப்புறம்தான் உறைச்சுது, அமெரிக்கா இன்ச்ல போடுது, ஜப்பான் சென்டிமீட்டர்ல போடுது. 2.54-ஆல வகுத்ததும் ஜப்பான் வரிசைக்குள்ள அடங்கிடுச்சு. இந்த மாதிரித் தப்பு சிரிச்சுட்டுப் போற தப்பு. சிரிக்க முடியாத தப்பு ஒண்ணு பின்னாடி வருது.

முதல் ரிவ்யூ. எங்க சார்ட் பெருமையா ஸ்கிரீன்ல நிக்குது. கைடு மேடம் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"இதை யாருப்பா அளந்தது?"

"வெப்சைட்ல இருந்து எடுத்தோம் மேடம்."

"நீ எங்க இருந்து எடுத்தேன்னு கேட்கல. யாரு, எதை வச்சு, எந்த இடத்துல நின்னு அளந்தாங்க?"

ஏசி சத்தம் மட்டும் கேட்டுச்சு. அடுத்த ரிவ்யூவுக்கு அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

எனக்குக் கோபம். மழையை அளக்கிற மாதிரிதானே, இதுல என்ன பெரிய விஷயம்? பார்ட்னர்தான் கேண்டீன்ல உட்கார்ந்து புரியவச்சான். அவங்கப்பாவுக்குப் பொரிக்கடை. ஆயுத பூஜை வந்தா இவன் லீவு போட்டுட்டு ஊருக்குப் போய் படியால அளந்து கொடுப்பான்.

"மழைத் தண்ணி அப்படியே நிக்கும்டா. காலையில பார்த்தாலும் அதே அளவு, மத்தியானம் பார்த்தாலும் அதே அளவு. பனி பொரி மாதிரி. மெதுவா கொட்டினா படி சீக்கிரம் ரொம்பிடும். ஒரு தட்டு தட்டு, இறங்கிடும். இப்ப எது ஒரு படி? தட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

எனக்கு இந்த ஒரு வரியில பாதிப் பாடம் முடிஞ்சுது. புதுசா விழுற பனியில பெரும்பங்கு காற்றுதான். விழுந்த நிமிஷத்துல இருந்து அது தன் எடையாலேயே அமுங்க ஆரம்பிச்சுடும். அதனால தரையில எவ்வளவு கிடக்குங்கிறது ஒரு எண், வானத்துல இருந்து மொத்தம் எவ்வளவு விழுந்துச்சுங்கிறது வேற எண். சீசன் மொத்தம்னு சொல்றது ரெண்டாவது. அது எங்கேயும் குவிஞ்சு நிக்கிற பனி கிடையாது. ஒவ்வொரு நாளும் புதுசா விழுந்ததை அளந்து, எழுதி, கூட்டிக்கிட்டே வந்த கணக்கு.

எப்படி அளக்கிறாங்கன்னு பார்த்தா, நம்ம லேப்ல இருக்கிற எந்தக் கருவியை விடவும் எளிமை. வெள்ளைப் பெயின்ட் அடிச்ச ஒரு பலகை. அதைக் காத்து அதிகம் அடிக்காத, மரத்துல இருந்து பனி சிந்தாத இடத்துல தரையோட வைக்கணும். குறிப்பிட்ட நேரத்துல ஒருத்தர் போய் ஸ்கேலைக் குத்திப் பார்ப்பார், எழுதுவார், பலகையைத் துடைச்சு மறுபடி மேல வைப்பார். அவ்வளவுதான். இந்தத் துடைக்கிற வேலையிலதான் வில்லங்கமே இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு தடவை துடைச்சா ஒரு எண் வரும். மணிக்கு ஒரு தடவை துடைச்சு, அமுங்குறதுக்கு முன்னாடியே அளந்து கூட்டினா, அதே பனிக்குப் பெரிய எண் வரும். அமெரிக்க வானிலைத் துறை இதுக்குன்னே ஒரு வரம்பு வச்சிருக்கு: ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, 24 மணி நேரத்துல அதிகபட்சம் நாலு தடவைதான் துடைக்கலாம்.

இந்த விதியால போன ஒரு சாதனையைப் பத்திப் படிச்சப்போ எனக்கு ரொம்பப் பாவமா இருந்துச்சு. 1997 ஜனவரியில நியூயார்க் மாநிலத்துல மான்டேக்னு ஒரு சின்ன ஊர். பக்கத்துல ஒன்டாரியோ ஏரி. ஏரி மேல வர்ற குளிர்காத்து ஈரத்தை அள்ளிக்கிட்டு வந்து கொட்டுது. 24 மணி நேரத்துல 77 இன்ச். அதாவது கிட்டத்தட்ட 2 மீட்டர், நான் நின்னா தலை மூழ்கிடும். அதுவரைக்கும் அமெரிக்கச் சாதனை 1921 ஏப்ரல்ல கொலராடோவோட சில்வர் லேக்ல பதிவான 75.8 இன்ச். அதைத் தாண்டியாச்சு. ஆனா விசாரிச்ச நிபுணர் குழு, அன்னைக்கு ஆறு தடவை அளந்திருக்காங்கன்னு கண்டுபிடிச்சுது. நாலுக்குப் பதிலா ஆறு. சாதனை நிராகரிக்கப்பட்டுச்சு. அளந்தவர் ஏமாத்தினார்னு யாரும் சொல்லல. கொட்டுற பனியில அத்தனை தடவை வெளியே போய் அளந்தவரோட உழைப்பே அவருக்கு எதிரா போயிடுச்சு. வித்தியாசம் வெறும் 3 சென்டிமீட்டர்.

அடுத்து இடம். கலிபோர்னியாவுல மேமத் மவுன்டன்னு ஒரு ரிசார்ட் இருக்கு. 2022–23 சீசன் அங்க வரலாறு காணாத சீசன். மெயின் லாட்ஜ்ல 715 இன்ச்னு கணக்கு. அதே மலை, அதே சீசன், உச்சியில 880-க்கும் மேல. மெயின் லாட்ஜ் சுமார் 9,000 அடி உயரத்துல இருக்கு, உச்சி 11,000 அடியைத் தாண்டும். ஒரே மலைக்குள்ளேயே 165 இன்ச்சுக்கு மேல இடிக்குது. நான் என் டேபிள்ல எந்த எண்ணைப் போட்டிருந்தேன் தெரியுமா? எனக்கே ஞாபகம் இல்ல. எந்த லிங்க் முதல்ல வந்துச்சோ அது. ஐரோப்பா பக்கம் போனா இன்னும் குழப்பம். ஆல்ப்ஸ்ல நிறைய ரிசார்ட்டுகள் தரையில இன்னைக்கு எவ்வளவு ஆழம் கிடக்குன்னுதான் பெருசா போடுவாங்க. அதையும் நான் 'மொத்தம்'னு எழுதி வச்சிருந்தேன்.

அப்புறம் தேதி. சீசன்னா எதுல இருந்து எது வரைக்கும்? சில ரிசார்ட் அக்டோபர்ல விழுற முதல் பனியில இருந்து எண்ணும், சிலது கதவைத் திறக்கிற நாள்ல இருந்து எண்ணும். மூடினதுக்கு அப்புறம் மே மாசம் கொட்டினா, கணக்குல வரலாம், வராமலும் போகலாம். அமெரிக்க அரசுக் கணக்குக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரைக்கும் ஒரு சீசன்.

உலகத்துல ஒரு சீசன்ல அளந்து பதிவான அதிகபட்சப் பனிப்பொழிவு இந்தக் கணக்குலதான் வருது. வாஷிங்டன் மாநிலத்துல மவுன்ட் பேக்கர் பனிச்சறுக்கு மையம், 1998–99, 1,140 இன்ச். மீட்டர்ல சொன்னா கிட்டத்தட்ட 29. அதுக்கு முன்னாடி சாதனை அதே மாநிலத்துல மவுன்ட் ரெய்னியரோட பாரடைஸ்ங்கிற இடத்துல, 1971–72-ல பதிவான 1,122 இன்ச். வித்தியாசம் வெறும் 18 இன்ச். அதனாலதான் ரிசார்ட் சொன்ன உடனே யாரும் ஏத்துக்கல. எங்க அளந்தாங்க, எப்படி அளந்தாங்க, பக்கத்து நிலையங்களோட எண்கள் ஒத்துப்போகுதான்னு குழு போட்டுப் பார்த்துட்டுத்தான் அங்கீகாரம் கொடுத்தாங்க. அங்க ஏன் இவ்வளவு கொட்டுதுங்கிறதுக்குக் காரணம் நமக்குத் தெரிஞ்ச காரணம்தான். பசிபிக் கடல்ல இருந்து வர்ற ஈரக்காத்து கேஸ்கேட் மலைத்தொடர்ல முட்டி மேல ஏறுது, குளிருது, கொட்டுது. தென்மேற்குப் பருவக்காத்து நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில பண்ற அதே வேலை. அந்த வருஷம் லா நினாவும் சேர்ந்துக்கிச்சு.

இதெல்லாம் சரியா இருந்தாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கு. ஒரு படி பொரியும் ஒரு படி அரிசியும் ஒண்ணா? யூட்டாவுல ஆல்டாங்கிற ரிசார்ட்ல விழுற பனி உலர்ந்த பனி. சராசரியா 8.4 சதவீதம்தான் தண்ணி. கலிபோர்னியாவோட சியரா நெவாடா மலையில அது சுமார் 12 சதவீதம். அதே 2022–23 சீசன்ல ஆல்டாவுக்கு 903 இன்ச், அவங்களோட சாதனை. சியராவுல டோனர் கணவாய் பக்கத்துல பெர்க்லி பல்கலைக்கழகம் நடத்துற பனி ஆய்வுக்கூடத்துல 754 இன்ச். ஆல்டா ஜெயிச்சாச்சு. இப்ப சராசரி அடர்த்தியை வச்சுத் தோராயமா உருக்கிப் பாருங்க. ஆல்டாவுக்கு சுமார் 76 இன்ச் தண்ணி, டோனருக்கு சுமார் 90. தோத்தவன் ஜெயிச்சுட்டான். சறுக்குறவனுக்கு ஆல்டா வேணும், ஏன்னா லேசான பனியிலதான் மிதக்கிற மாதிரிப் போகலாம். கலிபோர்னியா விவசாயிக்கு டோனர் வேணும், ஏன்னா அவன் கோடையில குடிக்கிறதும் பாய்ச்சுறதும் அந்தத் தண்ணி.

இந்த இடத்துல எனக்குப் புராஜெக்ட் நிஜமாவே பிடிச்சுப்போச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சுக்கிட்டு இருந்தேன். அப்படித்தான் ஒரு ஆய்வுக் கட்டுரை கண்ணுல பட்டுச்சு. டார்ட்மத் கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர்கள் ஜொனாதன் ஜின்மனும் எரிக் ஜிட்ஸெவிட்ஸும் எழுதினது, 2016-ல ஒரு பெரிய பொருளாதார ஆய்விதழ்ல வந்தது. ரிசார்ட்டுகள் தினமும் சொல்ற புதுப் பனி அளவை எடுத்து, கிழமை வாரியா பிரிச்சிருக்காங்க. சனி, ஞாயிறுல ரிசார்ட்டுகள் சொல்ற பனி மத்த நாளை விட 23 சதவீதம் அதிகம்! வானத்துக்கு வீக்எண்ட் தெரியுமா என்ன? அரசாங்க வானிலைக் கணக்குல அப்படி எதுவும் இல்ல. ஊர்ல இருக்கிறவங்க டிக்கெட் வாங்குறது வீக்எண்டுக்கு, அதனால பனியும் வீக்எண்ட்ல கூடுது. பொய்யால யாருக்கு அதிக லாபமோ அவங்க அதிகமா ஏத்திச் சொல்றாங்கன்னும் கண்டுபிடிச்சிருக்காங்க. இதைவிட அழகு அடுத்தது. ஐபோன்ல ஒரு ஆப்புல, சறுக்குறவங்களே மலையில நின்னுக்கிட்டு "இங்க அவ்வளவு பனி இல்லப்பா"ன்னு உடனுக்குடன் எழுதுற வசதி வந்துச்சு. உடனே புளுகு நல்லா குறைஞ்சுடுச்சு. அதுவும் போன் சிக்னல் நல்லா கிடைக்கிற ரிசார்ட்டுகள்ல ரொம்பவே குறைஞ்சுது.

விழுந்து விழுந்து சிரிச்சேன். உடனே பார்ட்னருக்கு அனுப்பினேன், கூட நாலு சிரிப்பு இமோஜி.

மறுநாள் சாயங்காலம் அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு என் ரூமுக்கு வந்தான். மேடம் கேட்டதுக்காக 120 கட்டத்துக்கும் எண் எங்க இருந்து வந்துச்சுன்னு ஒவ்வொண்ணா தேடிக்கிட்டு இருந்திருக்கான். ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினான். அந்த ஜப்பான் ரிசார்ட். தொடர்ந்து நாலு சீசன், நாலுலயும் ஒரே எண். ஒரு சென்டிமீட்டர் கூட மாறல.

"இது எப்படிடா?"

இப்ப உங்ககிட்ட சொல்றேன். முதல் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, 120 கட்டத்துல 37 காலியா இருந்துச்சு. சார்ட்ல நடுநடுவுல பொத்தல். பார்க்க அசிங்கமா இருந்துச்சு. அவன் தூங்கிட்டான். நான் விளம்பரத்துல போட்டிருந்த "சராசரி" எண்ணை எடுத்து அந்த ஜப்பான் கட்டங்கள்ல ஒட்டினேன். மத்த காலிக் கட்டங்களுக்கு முன் வருஷமும் பின் வருஷமும் எவ்வளவுன்னு பார்த்து, நடுவுல ஒரு எண்ணைத் தட்டினேன், கொஞ்சம் மேல கீழ ஆட்டி, இயற்கையா தெரியுற மாதிரி. ரிப்போர்ட்ல "120 தரவுப் புள்ளிகள் திரட்டப்பட்டன"ன்னு எழுதினேன். அவன்கிட்ட சொல்லல. அடியில அவன் பேரும் இருந்துச்சு.

இதெல்லாம் எல்லாரும் பண்றதுதான்னு சொன்னேன். விடுபட்ட இடத்தை நிரப்புறதுக்குப் பாடத்துலயே முறை இருக்குன்னு சொன்னேன். அது உண்மைதான், முறை இருக்கு. ஆனா நிரப்பினேன்னு எழுதணும். நான் திரட்டினேன்னு எழுதியிருந்தேன்.

அவன் கத்தல. கத்தியிருந்தா பதிலுக்கு நானும் கத்தி சமாளிச்சிருப்பேன். "எங்கப்பா முப்பது வருஷமா படி அளக்கிறாருடா"ன்னு மட்டும் சொன்னான். லேப்டாப்பை மூடிக்கிட்டுப் போயிட்டான். ரெண்டு நாள் பேசல. மெஸ்ல வேற டேபிள். முதல் வருஷத்துல இருந்து எனக்கு ரெக்கார்டு எழுத உதவினவன், எனக்கு டெங்கு வந்தப்போ ஆஸ்பத்திரியில ராத்திரி உட்கார்ந்தவன். அந்த ரெண்டு நாள்ல நான் அந்த ஆய்வுக் கட்டுரையை மறுபடி திறந்தேன். சிரிப்பு வரல. அந்த ரிசார்ட்காரங்களும் ராட்சசங்க இல்லன்னு தோணுச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி, பலகையில 5 இன்ச், பக்கத்து மலைக்காரன் 7-னு போட்டிருக்கான். ஒரு 6-னு தட்டிடலாம், யாருக்குத் தெரியப்போகுது? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ராத்திரி ஒன்றரை மணிக்கு.

மூணாவது நாள் நானே மேடம்கிட்ட போய்ச் சொன்னேன். வீரமெல்லாம் இல்ல. அவன் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடணும்ங்கிற பயமும் அதுல இருந்துச்சு. மேடம் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. "37-ஐயும் எடுத்துடு. ஏன் எடுத்தேன்னு ரிப்போர்ட்ல எழுது"ன்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்லன்னு இருந்துச்சு.

வெளியே வந்தா அவன் வராண்டாவுல நிக்கிறான். "எத்தனை மிச்சம்?"னான். "83"னேன். "எங்க அளந்தாங்க, எந்தத் தேதியில இருந்து எண்ணினாங்கன்னு தெரியாததையும் எடுத்துடலாம்"னான். அதையும் எடுத்தோம். கடைசியில 5 ரிசார்ட், 41 கட்டம். பழைய சார்ட் கோபுரம் மாதிரி இருந்துச்சு, புதுசு பல்லு விழுந்த தாத்தா மாதிரி. ஒவ்வொரு பார் அடியிலயும் அளந்த இடத்தோட உயரம், எண்ண ஆரம்பிச்ச தேதி. தரவரிசையே போடல. ரிசார்ட்டுக்கு ரிசார்ட் ஒப்பிடாம, ஒரே இடத்துல ஒரே மாதிரி அளந்த எண்ணை வருஷத்துக்கு வருஷம் மட்டும் ஒப்பிட்டோம். பைனல் ரிவ்யூவுல வெளியில இருந்து வந்தவர், "என்னப்பா இவ்வளவு காலியா இருக்கு?"ன்னார். "அந்த சீசன் அளவு கிடைக்கல சார்"னு அவன் சொன்னான். அவர் ஏதோ எழுதிக்கிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டார். மார்க் சுமார்தான். ஷேர் மார்க்கெட் டீமுக்கு எங்களை விட 9 அதிகம். ரெஸ்யூமேல இப்ப 41-னுதான் இருக்கு. இதுவரைக்கும் எந்த இன்டர்வியூவுலயும் யாரும் அதைப் பத்திக் கேட்கல.

புராஜெக்ட் முடிஞ்சு போச்சு, ஆனா ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கிச்சு. இப்ப நிறைய ரிசார்ட்டுகள் அந்த வெள்ளைப் பலகைக்கும் ஸ்கேலுக்கும் எதிர்ல ஒரு கேமரா வச்சிருக்காங்க, யார் வேணாலும் பார்க்கலாம். யூட்டாவுல விடியற்காலை ஆறு மணின்னா நமக்குச் சாயங்காலம் ஆறரை. டீ குடிக்கிற நேரம். போன வாரம் ஒரு நாள் திறந்தேன். இருட்டு, ஒரு லைட், ஸ்கேல் பாதி மூழ்கியிருக்கு. பார்ட்னர் பக்கத்துல பொரி மென்னுக்கிட்டு இருந்தான்.

"எவ்ளோ?"

"4 இன்ச்."

"வெப்சைட்ல போட்டாச்சா?"

"இன்னும் இல்ல. இரு, ஆள் வர்றாரு."

கையுறை போட்ட ஒரு கை வந்து பலகையைத் துடைச்சுட்டுப் போச்சு.